டி.ஆர்.பி. ஒரு பக்கம், ட்ரெண்டிங் ஒரு பக்கம்: சீரியல் பேச்சு விளம்பரத்துக்கு ஆள் சேர்க்குமா?

வியாழக்கிழமைதோறும் டி.வி. ரேட்டிங் விவரம் வெளிவருகிறது. கொஞ்ச நேரத்திலேயே யூடியூபில் ‘இந்த வார டாப் 10 சீரியல்’ என்று வரிசை போட்டுவிடுவார்கள். அதே வாரம் இன்ஸ்டாகிராமிலும் எக்ஸ் தளத்திலும் அதிகம் அடிபட்ட நிகழ்ச்சிகளை அந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பல வாரம் ஒத்துப்போகாது. மீம் போடுகிறவர்கள் சீண்டாத ஒரு சீரியல் மேலே உட்கார்ந்திருக்கும். வாரம் முழுக்க ஹேஷ்டேக்கில் புரண்ட ரியாலிட்டி ஷோ அதற்குக் கீழே கிடக்கும்.

இது வெறும் வேடிக்கை இல்லை, இதில் காசு இருக்கிறது. மதுரை தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலைக் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். தீபாவளி வருகிறது, விளம்பரம் கொடுக்க வேண்டும். கல்லூரியில் படிக்கும் மகன் போனை நீட்டி, “அப்பா, ஊரே இந்த சீரியலத்தான் பேசுது, இதுல போடுவோம்” என்கிறான். ஏஜென்சிக்காரர், “அது சும்மா நெட்டுல ஓடுதுண்ணே, ரேட்டிங் இல்ல” என்று வேறு ஒன்றைக் காட்டுகிறார். என்னைக் கேட்டால் இருவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் மகன் சரியான இடத்தைப் பார்த்துவிட்டுத் தவறான பொருளை வாங்கச் சொல்கிறான். எப்படி என்று பார்க்க, முதலில் டி.வி. விளம்பரத்தில் எது விற்கப்படுகிறது என்று தெரிய வேண்டும்.

விற்பது நேரம், விலை ஆளுக்கு

சேனலின் ரேட் கார்டில் 10 விநாடிக்கு இவ்வளவு ரூபாய் என்று எழுதியிருக்கும். இந்த நேரமும் அளவானதுதான். மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் போடக்கூடாது என்கிறது கேபிள் டி.வி. விதி. அதில் 10 நிமிடம் வெளி விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த ப்ரோமோ. ஆனால் அந்த 10 விநாடிக்கு ஐயாயிரமா ஐம்பதாயிரமா என்பதை முடிவு செய்வது, அந்த நேரத்தில் எத்தனை பேர் பெட்டி முன்னால் இருந்தார்கள் என்ற கணக்கு.

அந்தக் கணக்கை எடுப்பது பார்க் இந்தியா என்ற அமைப்பு. சேனல்களும் விளம்பரதாரர்களும் ஏஜென்சிகளும் சேர்ந்து நடத்துவது. 2015 முதல் இதன் எண்கள்தான் சந்தையில் செல்லுபடியாகின்றன. நாடு முழுக்க ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். சேனல் ஒளிபரப்பும் ஒலிக்குள் காதுக்குக் கேட்காத ஒரு முத்திரை கலந்திருக்கும். மீட்டர் அதைப் பிடித்து, எந்தச் சேனல், எந்த நிமிடம் என்று குறித்துக்கொள்ளும். வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்பதற்கு ஆளுக்கொரு பட்டன் உண்டு. பாட்டி உட்கார்ந்தால் பாட்டியின் பட்டன், எழுந்து போனால் அதை அணைக்க வேண்டும்.

“எங்க தெருவுல ஒருத்தர் வீட்டுலயும் மீட்டர் இல்லையே, பிறகு என்ன கணக்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. எந்த வீட்டில் மீட்டர் இருக்கிறது என்பது ரகசியம். சொல்லிவிட்டால் ஆளாளுக்கு அந்த வீட்டைத் தேடிப் போய்விடுவார்கள். 2020 அக்டோபரில் மும்பையில் கிளம்பிய புகாரே அதுதான்: சில மீட்டர் வீடுகளுக்குக் காசு கொடுத்துக் குறிப்பிட்ட சேனலைப் போட்டு வைக்கச் சொன்னார்கள் என்று வழக்கு. அதற்குப் பிறகு செய்திச் சேனல்களின் ரேட்டிங்கை பார்க் நிறுத்தி வைத்து, 2022 மார்ச்சில்தான் மறுபடி கொடுக்கத் தொடங்கியது. மற்றபடி, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற கணக்கு இதற்கும் பொருந்தும். பானையை நன்றாகக் கிண்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். நகரம், கிராமம், படிப்பு, வீட்டில் இருக்கும் பொருட்கள் என்று பார்த்து வீடுகளைத் தேர்வு செய்வது அப்படிக் கிண்டுவதற்காகத்தான்.

இப்போது கவனியுங்கள். பஸ்ஸில் போனில் சீரியல் பார்த்த பெண் இந்த டி.வி. கணக்கில் இல்லை. யூடியூபில் மூன்று நிமிட ப்ரோமோவைப் பார்த்த லட்சம் பேரும் இல்லை. மீம் பார்த்துச் சிரித்தவர் சுத்தமாக இல்லை. பேச்சு மீட்டருக்குள் போக ஒரே வழிதான் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்ட ஒருவர், மீட்டர் இருக்கும் வீட்டில், ரிமோட்டை எடுத்து அந்தச் சேனலைப் போட வேண்டும். போட்டால் மட்டும் போதாது, உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஏன் உட்கார வேண்டும்? ரேட்டிங் என்பது தலையெண்ணிக்கை மட்டுமல்ல, சராசரி நிமிடக் கணக்கு. அரை மணி நேர சீரியலை ஒரு லட்சம் பேர் முழுசாகப் பார்த்தால் சராசரி ஒரு லட்சம். மூன்று லட்சம் பேர் வந்து ஆளுக்குப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போனாலும் சராசரி அதே ஒரு லட்சம்தான். ஒரு மீம் பிரபலமாகி, “அப்படி என்னத்தத்தான் எடுத்திருக்காங்க” என்று 30,000 பேர் புதிதாக வந்து மூன்று நிமிடம் பார்த்துவிட்டுச் சேனலை மாற்றினார்கள் என்று வையுங்கள். சராசரியில் கூடுவது 3,000 மட்டுமே. விளம்பர இடைவேளைக்கு முன்னாலேயே அவர்கள் போய்விட்டால் விளம்பரதாரருக்குக் கிடைத்தது பூஜ்யம். இணையத்தில் கிடுகிடுவென்று தெரியும் ஓர் அலை, வியாழக்கிழமைப் பட்டியலில் ஏன் சிறு சலனமாகக்கூடத் தெரிவதில்லை என்பதற்குப் பாதிக் காரணம் இந்தச் சராசரி.

பேச்சு ஆளைக் கொண்டுவந்ததா, ஆள் பேச்சைக் கொண்டுவந்தார்களா

அதற்காகப் பேச்சுக்கு வலுவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அமெரிக்காவில் ரேட்டிங் எடுக்கும் நீல்சன் நிறுவனம் 2013-இல் இதை நேரடியாகச் சோதித்தது. பிரைம் டைம் நிகழ்ச்சிகளின் 221 எபிசோடுகளை எடுத்துக்கொண்டு, நிமிடத்துக்கு நிமிடம் ட்வீட் எத்தனை, பார்த்தவர்கள் எத்தனை என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். 48 சதவீத எபிசோடுகளில் பார்வையாளர் கூடியதால் ட்வீட் கூடியது. 29 சதவீத எபிசோடுகளில் ட்வீட் கூடியதால் பார்வையாளர் எண்ணிக்கை மாறியது.

பத்தில் மூன்று எபிசோடுகளில் பேச்சு ஆள் கணக்கை அசைத்திருக்கிறது. குறைவில்லை. ஆனால் அதைவிட அதிக இடங்களில் நடந்தது தலைகீழ்: ஏற்கெனவே நிறையப் பேர் பார்த்ததால்தான் பேச்சே பிறந்தது. ‘இந்த சீரியல் ட்ரெண்டாகிறது, அதனால் கூட்டம் வரும்’ என்று முடிவுகட்டும்போது பெரும்பாலும் நாம் வந்துவிட்ட கூட்டத்தின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஒன்று சொல்ல வேண்டும்: அந்த ஆய்வு நடந்தது, ட்விட்டர் டி.வி.யைக் காட்டி விளம்பரம் விற்றுக்கொண்டிருந்த காலம், நீல்சனும் அதே வருஷம் ட்விட்டருக்கென்று தனி டி.வி. ரேட்டிங் தொடங்கியது. இருவருக்கும் பிடித்த செய்திதான் அது. எண்கள் பொய் என்று சொல்லவில்லை; 29 என்ற எண்ணை மட்டும் தலைப்பில் போட்டு 48-ஐ உள்ளே தள்ளியவர்களை நிறையப் பார்க்கலாம்.

அதே 2013 ஜூலையில் நடந்த இன்னொரு கூத்து. சூறாவளியில் சுறா மீன்கள் பறந்து வந்து ஊரைத் தாக்குவதாக ஒரு டி.வி. படம், பெயர் ‘ஷார்க்னேடோ’. அமெரிக்காவில் சிஃபி சேனலில் வந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ட்விட்டரில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 பதிவுகள். நடிகர்கள், அரசியல்வாதிகள் எல்லோரும் கிண்டல். மறுநாள் கணக்கு வந்தது: பார்த்தவர்கள் சுமார் 13.7 லட்சம்தான். அந்தச் சேனலுக்கே அது சாதாரண எண்ணிக்கை. எல்லோரும் பேசினார்கள், அந்த அளவுக்கு யாரும் பார்க்கவில்லை. இதோடு கதை முடிந்திருந்தால் ஏஜென்சிக்காரர் ஜெயித்திருப்பார். சேனல் அடுத்த வாரம் மறுபடி போட்டது, 18.9 லட்சம் பேர். மூன்றாவது முறை போட்டது, 21 லட்சம். மறுஒளிபரப்புக்குக் கூட்டம் குறைவதுதான் உலக வழக்கம். இங்கே ஏறிக்கொண்டே போனது. பேச்சு அன்றைக்கு வேலை செய்யவில்லை, அதற்கடுத்த வாரம் செய்தது.

அதற்குக் காரணம் பேச்சின் அளவா? இல்லை, அது போய்ச் சேர்ந்த தூரமா? டேவிட் கோடஸ், டினா மேஸ்லின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2004-இலேயே இதற்கு ஒரு நல்ல பதிலை வெளியிட்டார்கள். 1999–2000 பருவத்தில் அமெரிக்காவில் புதிதாக வந்த டி.வி. தொடர்களைப் பற்றி அன்றைய இணையக் குழுக்களில் நடந்த அரட்டையை எடுத்து, பின்னால் வந்த ரேட்டிங்கோடு பொருத்திப் பார்த்தார்கள். மொத்தம் எத்தனை பதிவு என்பதைவிட, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத எத்தனை குழுக்களில் பேச்சு பரவியிருந்தது என்பதே ரேட்டிங்கை விளக்க உதவியது. ஒரே குழுவுக்குள் ஆயிரம் பதிவு என்றால், ஏற்கெனவே பார்க்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். இருபது குழுக்களில் ஐம்பது ஐம்பது பதிவு என்றால் பார்க்காதவர்கள் காதில் விழுகிறது. மொத்தம் இரண்டிலும் ஆயிரம்தான்.

தமிழில் இதற்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டாம். 2017 ஜூனில் விஜய் டி.வி.யில் பிக்பாஸ் முதல் சீசன் தொடங்கியது. போட்டியாளரான நடிகை ஓவியாவுக்கு ‘ஓவியா ஆர்மி’ என்று ஒரு ரசிகர் பட்டாளமே கிளம்பியது. ஆகஸ்ட்டில் ஓவியா வெளியேறியதும் ‘இனிமேல் பார்க்க மாட்டோம்’ என்று எழுதித் தள்ளியவர்களும் அதே பட்டாளம்தான். அந்தப் பேச்சு நிகழ்ச்சியோடு ஒட்டியிருந்ததைவிட ஒரு ஆளோடு ஒட்டியிருந்தது. ஆர்மி வகையறாவில் இன்னொரு சிக்கல், கை ஒன்றுதான் ஐ.டி. பத்து இருக்கும். ‘ஒரு லட்சம் ட்வீட்’ என்று கொண்டாடுவார்கள். எத்தனை ஆட்கள் போட்டது என்று கேட்டால் பதில் வராது. விளம்பரதாரருக்குச் சேலை வாங்கப் போவது ஐ.டி. அல்ல.

இதற்கு நேரெதிர் ‘எதிர்நீச்சல்’. 2022-இல் சன் டி.வி.யில் தொடங்கியது. அதில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து, தேனி மாவட்டத்துக்காரர், சினிமா இயக்குநரும்கூட. அவருடைய ‘இந்தாம்மா ஏய்’ என்ற வசனம் சீரியலை விட்டுத் தெருவுக்கு இறங்கிவிட்டது. கிரிக்கெட் மீமில், அரசியல் மீமில், ஆபீஸ் மேனேஜரைக் கிண்டல் செய்யும் ரீல்ஸில், கல்யாண வீட்டு ஃப்ளெக்ஸில் என்று சம்பந்தமே இல்லாத இடங்களிலெல்லாம் அந்தக் குரல். சீரியல் பக்கமே தலைவைக்காத பையன்கள் அந்த வசனத்தைச் சொல்லித் திரிந்தார்கள். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி மாரிமுத்து திடீரென்று மாரடைப்பில் காலமானபோது, அழுதவர்களில் சீரியல் பார்க்காதவர்களும் இருந்தார்கள். கோடஸும் மேஸ்லினும் பரவல் என்று எண்ணில் காட்டியதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் இதுதான்.

பார்த்தவர் விளம்பரத்தைப் பார்த்தாரா

இதுவரை பேசியது நிகழ்ச்சிக்கு வரும் ஆள் பற்றி. விளம்பரதாரர் கவலை அதற்கு அடுத்த கட்டம். பிரேக் விட்டதும் பார்வையாளர் கையில் போன் வந்துவிடுகிறது. சீரியலைப் பற்றி வாட்ஸ்அப் குழுவில் ஏதோ தட்டுகிறார். டி.வி.யில் நகைக்கடை விளம்பரம் ஓடுகிறது. கண் போனில். இது விளம்பரதாரருக்கு நஷ்டம் என்றுதான் முதலில் தோன்றும்.

பெத் ஃபாசன், டேவிட் ஷ்வைடல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. சமூக ஊடகத்தில் அதிகம் பேசப்படும் நிகழ்ச்சிகளின் நடுவே வந்த விளம்பரங்களுக்குப் பிறகு, அந்த பிராண்டுகளின் இணையக் கடைகளில் வாங்கும் நடமாட்டம் கூடுதலாக இருந்தது. சிரிக்க வைக்கும் விளம்பரங்களுக்கும் மனதைத் தொடும் விளம்பரங்களுக்கும் இந்தக் கூடுதல் அதிகம். பேசுகிறவர் நிகழ்ச்சியோடு ஒன்றியிருக்கிறார், சேனலை மாற்றவில்லை, கையில் போன் தயாராக இருக்கிறது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கண் போனில் இருந்தாலும் காது டி.வி.யில்தான். நல்ல ஜிங்கிள் உள்ள விளம்பரங்கள் இங்கே தப்பித்துவிடும். எழுத்தை மட்டும் ஓட விடும் விளம்பரங்கள் வீண்.

ஆனால் அதே இருவரும் 2017-இல் இன்னொன்றையும் காட்டியிருந்தார்கள். நிகழ்ச்சியைப் பற்றிப் பேச்சு அதிகம் உள்ள இடத்தில், விளம்பரம் செய்த பிராண்டைப் பற்றியும் பேச்சு அதிகமாகும் என்று நம்ப முடியாது. மாமியார் அடித்த அடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பவர், இடையில் வந்த பருப்புப்பொடியைப் பற்றிப் பேச மாட்டார். வாங்கலாம், பேச மாட்டார். உங்கள் பொருளைப் பற்றி ஊர் பேச வேண்டும் என்பது ஆசையா, கடைக்கு ஆள் வர வேண்டும் என்பது ஆசையா என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது. இரண்டுக்கும் ஒரே நிகழ்ச்சி ஒத்துவராமல் போகலாம்.

கிளிப்பில் எது போகிறது, எது கழிகிறது

எனக்குச் சுவாரசியமாகப் படும் பகுதி இது. பேச்சு என்று சொல்கிறோம், இன்றைக்கு அது பெரும்பாலும் எழுத்து இல்லை, வெட்டி எடுத்த கிளிப். நிகழ்ச்சியிலிருந்து இருபது விநாடியை வெட்டி ரீல்ஸாகவோ ஷார்ட்ஸாகவோ போடுகிறார்கள். அந்த இருபது விநாடியோடு விளம்பரமும் பயணிக்கிறதா?

இடைவேளையில் வரும் ஸ்பாட் விளம்பரம் பயணிக்காது. யாரும் நகைக்கடை விளம்பரத்தைச் சேர்த்து வெட்டுவதில்லை. நிகழ்ச்சி ஓடும்போதே இடப்பக்கமும் கீழேயும் ஆங்கில எல் எழுத்து மாதிரி வந்து சுருக்கும் எல்-பேண்ட் விளம்பரம்? அதுவும் பெரும்பாலும் போய்விடும். டி.வி. படம் 16-க்கு 9 என்ற அகலப் படம், போன் ரீல்ஸ் 9-க்கு 16 என்ற உயரப் படம். உயரம் குறையாமல் வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நடுவில் இருக்கும் முகம் தங்கும், ஓரத்தில் இருக்கும் உங்கள் கடைப் பெயர் கத்தரிக்கோலோடு போகும். கீழே ஓடும் பட்டையில் எழுத்து பாதி தெரியும், அதன் மேல் ரீல்ஸ் போட்டவரின் பெயர் உட்கார்ந்துகொள்ளும்.

தப்பிப்பது காட்சிக்குள் இருக்கும் பொருள் மட்டும்தான். சமையல் ரியாலிட்டி ஷோக்களில் மேடை நடுவே அடுப்பும் மசாலா பாக்கெட்டும் எண்ணெய் பாட்டிலும் வைப்பது சும்மா இல்லை. கோமாளி ஒருவர் அந்த எண்ணெயைக் கொட்டிவிட்டால், கொட்டும் காட்சி வைரலாகும், பாட்டிலின் லேபிளும் கூடவே வைரலாகும். தொகுப்பாளர் ஒவ்வொரு முறையும் ஸ்பான்சர் பெயரோடு சேர்த்து நிகழ்ச்சிப் பெயரைச் சொல்வதும் இதே கணக்குதான். ஸ்பாட் வாங்கியவருக்குப் பேச்சால் மறைமுக லாபம்தான் கிடைக்கும். காட்சிக்குள் இடம் வாங்கியவருக்கு நேரடி லாபம். அதனால்தான் பேச்சு அதிகம் கிளம்பும் நிகழ்ச்சிகளில் ‘வழங்குபவர்’, ‘இணைந்து வழங்குபவர்’ என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது.

மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. பொங்கலுக்கு அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு நேரலையைக் கவனித்திருப்பீர்கள். மாடு வாடிவாசலை விட்டு வரும் முன்னே மைக்கில், மாட்டுக்காரர் பெயர், ஊர், பரிசு கொடுக்கும் ஆளின் பெயர், கடையின் பெயர், “புடிச்சுப் பாருப்பா, சைக்கிள் இருக்கு, அண்டா இருக்கு, தங்கக் காசு இருக்கு” என்று ஒரே மூச்சில் வரும். மாடு ஒருவரைத் தூக்கி வீசும் அந்தக் கிளிப் உலகம் சுற்றும். பின்னணியில் ஏதோ ஒரு பீரோக் கடையின் பெயரும் உலகம் சுற்றும். கத்தரிக்கவே முடியாத விளம்பரம்.

நேரலை என்பதால் இன்னொரு பலனும் உண்டு. மாடு நின்று விளையாடும் அந்த நிமிடத்தில்தான் வாட்ஸ்அப் குழு கொதிக்கிறது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவர் அந்தப் பேச்சிலிருந்து விடுபட்டுப் போகிறார். அதனால் எல்லோரும் அந்த நேரத்திலேயே பார்க்கிறார்கள், இடைவேளையை ஓட்டித் தள்ள வழியில்லை. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நேரலைக்கும் கிரிக்கெட்டுக்கும் இது பொருந்தும். சீரியல் கதையே வேறு. எட்டு மணி சீரியலைத் தவறவிட்டவர் பத்து மணிக்கு ஆப்பில் பார்த்துக்கொள்கிறார். அங்கே ஓடுவது வேறு விளம்பரம், வேறு விலை, ஆயிரம் பார்வைக்கு இவ்வளவு என்று விற்பது. டி.வி.க்குக் காசு கட்டிய கடைக்காரர் அதில் இல்லை. முக்கியமான திருப்பத்தை யாராவது முன்கூட்டிச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் சீரியல் ரசிகரை எட்டு மணிக்கே உட்கார வைக்கும். அந்த அளவில் மட்டும் சீரியல் பேச்சு நேரலையின் வேலையைக் கொஞ்சம் செய்கிறது.

கெட்ட பேச்சு

பேச்சு எதுவானாலும் நல்லதுதான் என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். சேனலுக்கு அது ஓரளவு சரி, விளம்பரதாரருக்கு அல்ல. 2007 ஜனவரியில் பிரிட்டனில் ‘செலிபிரிட்டி பிக் பிரதர்’ வீட்டில் ஷில்பா ஷெட்டியைச் சக போட்டியாளர்கள் இனவெறியோடு நடத்தினார்கள் என்று கிளம்பிய கொந்தளிப்பு நினைவிருக்கலாம். ட்விட்டர் பிறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை, இருந்தும் கண்காணிப்பு அமைப்புக்கு நாற்பதாயிரத்துக்கு மேல் புகார்கள் குவிந்தன. நிகழ்ச்சியைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை எகிறியது. ஆனால் ஸ்பான்சரான கார்ஃபோன் வேர்ஹவுஸ் தன் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்துவிட்டு வெளியேறியது. ஆள் கூடியும் காசு போனது. ரேட்டிங் எவ்வளவு என்பதோடு, எந்த மனநிலையில் இருக்கும் ஆள் முன்னால் நம் பெயர் தெரிகிறது என்பதும் கணக்கில் வரும்.

சரி, சுங்குடிக் கடைக்காரர் என்ன செய்வது

கணக்கு ஒன்று போடுவோம், எண்கள் என் கற்பனை. 10 விநாடிக்கு 20,000 ரூபாய், ரேட்டிங் 8, அதாவது நூறு பேரில் சராசரியாக எட்டுப் பேர். ஒரு ரேட்டிங் புள்ளிக்கு அடக்கம் 2,500. ஒப்பந்தம் போட்ட பிறகு பேச்சு கிளம்பி ரேட்டிங் 10 ஆனால் அடக்கம் 2,000 ஆகிவிடும், வாங்கியவருக்கு லாபம். ஆனால் பேச்சு கிளம்பியதைப் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு ஓடிப்போய் வாங்குகிறவருக்குச் சேனல் விலையை ஏற்றித்தான் கொடுக்கும். ட்ரெண்டிங்கைப் பார்த்து ஸ்பாட் வாங்குவது, பெரும்பாலும் ஏறின பிறகு வாங்குவது.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. சாட்டிலைட் சேனலில் போடும் ஸ்பாட் மாநிலம் முழுக்கத் தெரியும். திருத்தணியிலும் நாகர்கோவிலிலும் பார்க்கிறவருக்கும் சேர்த்துக் காசு. பத்து ஊரில் கிளை உள்ள ஜவுளிக்கடைக்கு அது கட்டும். விளக்குத்தூண் பக்கம் ஒரே கடை வைத்திருப்பவருக்கு, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று பஸ் ஏறி வரக்கூடிய ஊர்கள்தான் சந்தை. மீதியெல்லாம் தானம்.

மகன் சொன்னதில் இருக்கும் உண்மை இங்கேதான் உதவுகிறது. பேச்சைப் பார்த்து டி.வி. ஸ்பாட் வாங்க வேண்டாம், பேச்சு நடக்கும் இடத்திலேயே விளம்பரம் வைக்கலாம். ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் மதுரையை நடுவில் வைத்து இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போட்டு விளம்பரம் கொடுக்க முடியும். 2013-இல் ட்விட்டர், ஒரு நிகழ்ச்சியைப் பற்றி எழுதியவர்களுக்கே அந்த நிகழ்ச்சியில் விளம்பரம் செய்த பிராண்டின் பதிவைக் காட்டும் வசதியைப் பெரிய கம்பெனிகளுக்கு விற்றது. சின்னக் கடைக்காரர் அதையே கையால் செய்துகொள்ளலாம். சீரியல் முடிந்து பேச்சு சூடாக இருக்கும் இரவு ஒன்பது, பத்து மணிக்கு விளம்பரம் ஓடும்படி நேரம் வைக்கலாம். ‘நேத்து சீரியல்ல கட்டியிருந்த மாதிரி’ என்று பெண்கள் கடையில் வந்து கேட்பது எந்த ஜவுளிக்கடைக்காரருக்கும் தெரிந்த விஷயம். அந்த நிறத்தில், அந்தப் புட்டாவில் நம்மிடம் என்ன இருக்கிறது என்று மறுநாள் காலையிலேயே ஒரு ரீல்ஸ் போடலாம். நடிகையின் படத்தையோ சீரியல் கிளிப்பையோ எடுத்து ஒட்டாமல் சேலையை மட்டும் காட்ட வேண்டும். அடுத்தவர் முகத்தைக் கேட்காமல் விளம்பரத்தில் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும்.

லோக்கல் கேபிள் சேனலையும் ஒதுக்கிவிட வேண்டாம், அங்கே ஊர் மட்டும்தான் பார்க்கிறது. ஆனால் அவற்றுக்குப் பொதுவாக மீட்டர் கணக்கு கிடையாது. கேபிள்காரர் “எல்லா வீட்டுலயும் நம்ம சேனல்தாண்ணே” என்றால் நம்புவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. பில் போடும் இடத்தில் “எதப் பாத்து வந்தீங்க?” என்று கேட்டாலும் சரியான பதில் வராது. ரீல்ஸில் பார்த்தவரும் “டி.வி.ல பாத்தேன்”தான் சொல்வார். அதற்குப் பதில், கேபிள் விளம்பரத்தில் ஒரு மொபைல் எண், ரீல்ஸில் வேறொரு மொபைல் எண் போடலாம். எதற்கு எத்தனை கால் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள ஒரு பையன் போதும். தீபாவளிப் பணத்தை மொத்தமாக இறக்கும் முன் ஆடியிலேயே சின்னதாகச் செய்து பார்த்துவிடலாம். ஆடித் தள்ளுபடிக்கு எப்படியும் போஸ்டர் அடிக்கத்தான் போகிறார்.